நிர்வாணக்காரரின் நியாயமும் வளைகுடா வெய்யிலும்

ஆடையைப் பற்றி எழுதப் புகுந்தால் எம்மவர் உடனே பண்பாட்டிற்குப் போய்விடுகிறார்கள். வெய்யிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஐரோப்பாவில் ஒவ்வொரு கோடையிலும் எமது வீடுகளில் நடக்கிற சண்டை இதுதான்: பிள்ளை கையில்லாத சட்டை போடலாமா, கட்டைக் காற்சட்டையோடு கடைக்குப் போகலாமா. அதே கோடையில், அதே நகரங்களில், நிர்வாண விடுமுறைக்குப் போய்வந்த வெள்ளையர்கள் தமது அனுபவங்களைக் கட்டுரைகளாக எழுதிக் கொண்டிருக்கிறார்கள். இந்த இரு தரப்பினரும் ஒருவரையொருவர் வாசிப்பதில்லை. நாம் வாசித்துப் பார்த்தோம். எம்மவர் எண்ணுவது போல அவை ஆபாசமான எழுத்துக்கள் அல்ல. சொல்லப்போனால் மிகவும் ஒழுக்கமான, கொஞ்சம் அலுப்புத் தட்டுகிற எழுத்துக்கள். கூடாரம் எங்கே அடிப்பது, கதிரையில் உட்காருமுன் துவாய் விரிக்க வேண்டும், வெய்யிலுக்கு எந்தக் களிம்பு பூசுவது என்பவைதான் பாதிப் பக்கங்கள்.

மீதிப் பாதியில் உள்ள நியாயங்களைச் சுருக்கிச் சொல்லலாம். உடம்பு வெட்கப்பட வேண்டிய பொருளல்ல. உடுப்பைக் கழற்றிவிட்டால் முதலாளி யார், எழுதுவினைஞர் யார் என்று தெரியாது. ஆகவே நிர்வாணம் மனிதரைச் சமமாக்குகிறது. அத்தோடு, கோடைகால நாகரிகம் என்று கடைக்காரர் விற்பவை எல்லாம் கோடைக்கு உதவாதவை: கடலைவிட்டு வந்தும் ஈரம் காயாத நைலோன் நீச்சலுடை, தொடையோடு ஒட்டிக்கொள்ளும் ஜீன்ஸ், மணலில் புதையும் உயர்குதிச் செருப்பு, கழுத்தைப் பிடிக்கும் ரை. வெக்கையென்றால் கழற்றிவிட வேண்டியதுதானே என்கிறார்கள். இந்தக் கடைசி நியாயம் எமக்கு மிகவும் பிடித்தது. ஓகஸ்ட் மாதத்தில் மண்டபம் எடுத்து, காஞ்சிபுரம் பட்டும் மூன்று துண்டுக் கோட் சூட்டுமாகச் சாமத்தியச் சடங்கு நடத்துகிற சமூகம் இந்தக் கேலியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆனால் வெப்பம் பற்றிய நியாயத்தை, வெப்பம் உண்மையில் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிரான்சின் தென்கரையில் 28 பாகை வெய்யிலைக் கோடை என்று சொல்பவர்கள் எழுதியவை இவை. எம்மில் சிலர் ஐரோப்பாவுக்கு வந்து சேருமுன் டுபாயிலும் சார்ஜாவிலும் சில கோடைகளைக் கழித்தவர்கள். எமது உறவினர் பலர் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். நிர்வாணக்காரரின் நியாயத்தை அங்கே கொண்டுபோய் வைத்தால் அதில் எது நிற்கும், எது விழும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அதற்கு முன் இந்த இயக்கத்தின் வரலாற்றில் எம்மைச் சார்ந்த ஒரு பக்கம் இருக்கிறது. வழக்கமாக இதை எழுதுவோர் ஜேர்மனியில் தொடங்குவார்கள். 1898இல் எஸ்ஸன் நகரில் ஒரு சங்கம். 1931இல் பிரான்சின் தெற்கே லெவான் தீவில் ஒரு கிராமம். 1950இல் மொன்தலிவேயில் பெரிய முகாம். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால், 1891இல், பம்பாய்க்கு அருகே தாணாவில் ஒரு நிர்வாண சங்கம் இருந்தது. தொடங்கியவர் சார்ள்ஸ் குரோஃபோர்ட் என்ற ஆங்கிலேய நீதிபதி. மொத்த உறுப்பினர்கள் மூன்று பேர். எட்வர்ட் கார்ப்பென்ரர் என்ற ஆங்கில எழுத்தாளருக்கு நீதிபதி எழுதிய கடிதங்களால்தான் இது வெளியே தெரியவந்தது. சங்கம் நெடுநாள் நீடிக்கவில்லை.

இந்தியக் கோடையில் காலனிய உடுப்போடு வெந்துபோன ஒரு மனிதர் அதைக் கழற்றியெறிய விரும்பியதை எம்மால் விளங்கிக்கொள்ள முடிகிறது. அவர் மேல் கோபம் இல்லை. ஆனால் அவருடைய வீட்டு வாசலுக்கு வெளியே கோவணத்தோடு வயலில் நின்றவருக்குச் சங்கம் தேவைப்படவில்லை. அவரை யாரும் நிர்வாணவாதி என்று எழுதவுமில்லை. தாணாச் சங்கத்திற்கு 32 ஆண்டுகளுக்கு முன், 1859 யூலை 26இல்தான், திருவிதாங்கூர் மன்னர் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று பிரகடனம் செய்தார். அதிலும் உயர்சாதிப் பெண்கள் அணிவது போல அணியக்கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. அந்த அரைகுறை உரிமைக்காக நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சந்தைகளில் பெண்களின் சீலை கிழிக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன. யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் கேட்டாலும் தோளில் சால்வை போட்டதற்காக அடிவாங்கிய பாட்டன்மாரின் கதைகள் வரும். உடம்பை மூடுவதற்காக இரத்தம் சிந்தியவர்களின் பேரப்பிள்ளைகளிடம் வந்து, திறப்பதே விடுதலை என்று சொல்லும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கே பெரியார் குறுக்கிடுகிறார். 1931 டிசெம்பரில் புறப்பட்டு 1932 நவம்பரில் திரும்பிய அந்த நீண்ட பயணத்தின்போது ஜேர்மனியில் நிர்வாண சங்கத்தார் மத்தியில் அவர் ஆடையின்றி நின்று எடுத்த புகைப்படம் உண்டு. எதிரிகள் அதைக் காட்டி அவரைக் கேவலப்படுத்தப் பார்த்தார்கள். இன்றும் பார்க்கிறார்கள். எமது பார்வையில் அது பலவீனமான படம் அல்ல. ஐம்பதைத் தாண்டிய, தொந்தியும் தாடியும் உள்ள ஒரு மனிதர் தன் உடம்பை மறைக்காமலும் காட்டிக்கொள்ளாமலும் நிற்கிறார். சாதியை உடம்பில் எழுதி வைத்திருந்த ஒரு சமூகத்திலிருந்து போனவர், எழுத்தில்லாத உடம்பு எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்திருக்கிறார். 1933 மார்ச்சில் நாஸிகள் பிரஷ்யாவில் இந்தச் சங்கங்களுக்கு எதிராக ஆணை பிறப்பித்தார்கள் என்பதையும் சேர்த்து வாசித்தால் படத்தின் அர்த்தம் கூடும். ஆனால் எம்மவரில் பெரியாரைப் போற்றுகிறவர்கள்கூட இந்தப் படம் வந்தால் பேச்சை மாற்றுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

இனி வளைகுடா.

குவைத்தின் மித்ரிபாவில் 2016 யூலை 21இல் 53.9 பாகை வெப்பம் பதிவானது. உலக வானிலை நிறுவனம் அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டது. இந்த வெப்பத்தில் உடுப்பைக் கழற்றினால் என்ன நடக்கும்? மனிதத் தோலின் வெப்பம் 35 பாகை அளவில் இருக்கும். வெளியே காற்று 46 என்றால் காற்றிலிருந்து உடம்புக்குத்தான் சூடு ஏறும். மேலே சூரியன், கீழே மணலில் பட்டுத் திரும்பும் வெய்யில். பாலைவனத்தில் அம்மணமாக நிற்பவர் குளிர்ச்சி அடைவதில்லை, வேகிறார். அரபு நாடோடிகள் இதை எவரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்திருந்தார்கள். தலையிலிருந்து கணுக்கால்வரை மூடுகிற தளர்ந்த அங்கி அவர்களது கண்டுபிடிப்பு.

பெதூயின் மக்கள் வெய்யிலில் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று 1980இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. நெகேவ் பாலைவனத்தில் ஒருவரைக் கறுப்பு அங்கி, வெள்ளை அங்கி, இராணுவச் சீருடை, வெறும் கட்டைக் காற்சட்டை என்று மாற்றி மாற்றி நிறுத்தி அளந்தார்கள். கறுப்புத் துணி கூடுதலாகச் சூட்டை உறிஞ்சுவது உண்மை. ஆனால் துணிக்கும் தோலுக்கும் இடையில் ஓடும் காற்று அந்தச் சூட்டைத் தோலுக்கு வரவிடாமல் வெளியே கொண்டுபோய்விடுகிறது. முடிவில் கறுப்பங்கியோ வெள்ளையங்கியோ, உடம்பு ஏற்கிற சூடு ஒன்றுதான். முக்கியம் நிறமல்ல, தளர்வு. இதை வாசித்தபோது எமக்கு அம்மம்மாவின் நூற்சேலை நினைவுக்கு வந்தது.

அந்த அங்கிக்குள் என்ன இருக்கிறது என்பது இன்னும் சுவையான விடயம். அமீரகத்து ஆண் தனது வெள்ளைக் கந்தூராவுக்குள் இடுப்பில் கட்டியிருப்பது 'வுசார்'. அதாவது சாரம். எமது சாரமேதான், பழைய நாட்களில் அந்தத் துணி இந்தியாவிலிருந்து பாய்க்கப்பல்களில் போனது. அரபிக்கு உள்ளே, எமக்கு வெளியே. இந்த ஒரு வித்தியாசத்தில் ஒரு சட்டமே நிற்கிறது. சார்ஜாவில் 2001இல் வந்த ஒழுக்க விதிகள் ஆண்கள் பொது இடங்களில் வெறும் மேலோடு நிற்பதையும் மிகக் கட்டையான காற்சட்டை அணிவதையும் தடைசெய்தன. 2009இல் சாரத்தோடு வெளியே வந்த ஒருவரைப் பொலிஸார் பிடித்த செய்தி பத்திரிகைகளில் வந்தபோது எமது ஆட்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சாரத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுக் காற்சட்டையோடு தேத்தண்ணிக் கடைக்குப் போகத் தொடங்கினார்கள்.

நிர்வாணக்காரர் கேலி செய்கிற 'உதவாத கோடை உடுப்பு' வளைகுடாவில் எங்கே இருக்கிறது என்று தேடினால், அது கடற்கரையில் இல்லை. முதலில் ஒப்பீஸில் இருக்கிறது. வெளியே 45 பாகை, உள்ளே 20. எழுதுவினைஞர் ரை கட்டி, நீண்டகைச் சேட் போட்டு, அதற்கு மேல் ஒரு குளிர்ச்சட்டையும் போட்டு ஓகஸ்ட் மாதத்தில் மூக்கைச் சீறிக்கொண்டு இருப்பார். இலண்டன் குளிருக்கு என்று உண்டான உடுப்பை அணிவதற்காக இலண்டன் குளிரையே இயந்திரத்தால் செய்து வைத்திருக்கிறார்கள். இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். யாரும் சாவதில்லை.

சிரிக்க முடியாதது 'கவரோல்'. கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டாகத் தைத்த, நூலும் பொலியெஸ்ரரும் கலந்த தடித்த துணி. மணிக்கட்டில் பொத்தான். அதற்குமேல் ஒளிரும் பட்டி வைத்த மேற்சட்டை. தலையில் பிளாஸ்ரிக் தொப்பி, காலில் இரும்பு நுனிச் சப்பாத்து. இது அங்கி மூடுகிற அளவுக்கே உடம்பை மூடுகிறது. ஆனால் அங்கியை அங்கியாக்குகிற அந்தக் காற்று இதில் இல்லை. பாலைவனத்து மக்கள் பல நூற்றாண்டாக அறிந்திருந்ததை, பாலைவனத்தில் கட்டடம் கட்டுவோரின் உடுப்பில் யாரும் கேட்கவில்லை. தொழிற்பாதுகாப்புக்கு மூடிய உடுப்பு தேவை என்பது சரி. நெருப்புப் பொறியும் கம்பி நுனியும் விளையாட்டல்ல. மூடிய உடுப்பு இறுகிய உடுப்பாகத்தான் இருக்க வேண்டுமா என்பதே எமது கேள்வி.

கரையோர நகரங்களில் நிலைமை இன்னும் மோசம். உள்நாட்டுப் பாலை வரண்டது, வேர்வை காய்ந்து உடம்பைக் குளிர்விக்கும். டுபாயிலும் அபுதாபியிலும் தோஹாவிலும் ஓகஸ்ட் மாதக் காற்றில் கடல் முழுவதும் ஏறி நிற்கிறது. ஊரில் 'அவிச்சல்' என்பார்களே, அதன் பத்து மடங்கு. வேர்வை வடிகிறது, ஆனால் காய்வதில்லை. காயாத வேர்வையால் பயனில்லை. உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போவதுதான் மிச்சம். இந்த ஈரப் புழுக்கத்தில், நிழலில், நிர்வாணக்காரர் சொல்வது உண்மையில் பொருந்தும். கழற்றினால் சுகம். ஆனால் கழற்ற விடமாட்டார்கள்.

2019இல் 'காடியோலொஜி' என்ற மருத்துவ இதழில் கட்டாரில் இறந்த நேபாளத் தொழிலாளர் குறித்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 2009க்கும் 2017க்கும் இடையில் இதயநோயால் இறந்தவர்கள் என எழுதப்பட்ட 571 பேரில் 200 பேர்வரை, வெப்பத்திலிருந்து பாதுகாக்கப்பட்டிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று அது கணித்தது. இவர்கள் வயதானவர்கள் அல்ல. மருத்துவச் சோதனையில் தேறியபின் விமானம் ஏற்றப்பட்ட இளைஞர்கள். பெட்டியில் வரும் உடலோடு வரும் கடிதாசியில் 'மாரடைப்பு' என்றிருக்கும். எமது கிராமங்களுக்கும் அந்தக் கடிதாசிகள் வந்திருக்கின்றன.

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அமீரகத்தில் 2005 முதல் கோடை மதியங்களில் திறந்த வெளி வேலைக்குத் தடை உண்டு. இப்போது யூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, 12.30இலிருந்து 3 மணிவரை. மீறுகிற கொம்பனிக்கு ஒரு தொழிலாளிக்கு 5000 திர்ஹம் வீதம், 50,000 வரை தண்டம். குவைத்தில் காலை 11 முதல் மாலை 4 வரை என்று நேரம் நீளம். கட்டார் 2021இல் எல்லோரையும்விட முன்னே போனது. காலை 10 முதல் 3.30 வரை தடை. அதற்கு மேல், வெப்பமும் ஈரமும் வெய்யிலும் காற்றும் சேர்த்துக் கணிக்கிற அளவு 32.1 பாகையைத் தாண்டினால் நேரம் எதுவானாலும் வேலை நிறுத்தப்பட வேண்டும். உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்திற்காகக் கட்டியவர்களில் ஒரு பகுதியினருக்கு நீரில் நனைத்து அணியும் குளிர்ச்சி உடுப்பும் கொடுத்தார்கள். உலகமே கமெராவோடு பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தொழிலாளியின் உடுப்பைப் பற்றி யாரோ சிந்தித்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

5000 திர்ஹம் என்ற அதே தொகை வேறோர் இடத்திலும் வருகிறது. 2021 ஏப்ரலில் டுபாய் மரீனாவில் ஓர் உயர்மாடிக் கட்டடத்தின் பல்கனியில் பத்துக்கு மேற்பட்ட இளம் பெண்கள் ஆடையின்றி நின்று படம் எடுத்தார்கள். படம் பரவியது. பொலிஸார் பிடித்தார்கள், பின்னர் நாடு கடத்தினார்கள். அந்தக் குற்றத்திற்கு ஆறு மாதம்வரை சிறையும் 5000 திர்ஹம்வரை தண்டமும் விதிக்கலாம் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. ஆக, உடுப்பில்லாமல் பல்கனியில் நிற்பதும், உடுப்போடு ஒரு மனிதனைத் தடைநேர வெய்யிலில் நிறுத்துவதும் தண்டக் கணக்கில் ஒன்றே. முதலாவதற்கு மட்டும் சிறை பேசப்பட்டது. அந்தப் பெண்களை நாம் நிர்வாணவாதிகள் என்று கொள்ளவில்லை, அது விளம்பரம். விளம்பரத்துக்கும் விடுதலைக்கும் உள்ள வேறுபாட்டை நிர்வாணக்காரர்களே எம்மைவிட நன்றாக அறிவார்கள்.

கடற்கரைக்கு வருவோம். ஹோட்டல் வேலிக்குள்ளே பிகினி போடலாம். வேலிக்கு வெளியே, பொதுக்கரையில், வெள்ளிக்கிழமைகளில் எமது ஆட்கள் நீளக் காற்சட்டையோடும் சேட்டோடும் இடுப்பளவு கடலில் இறங்கி நிற்பார்கள். மாற்று உடுப்பு வைக்க இடமில்லை, மாற்றுவதற்கு மறைவுமில்லை. 2000களில் கரைகளில் பெண்களைத் தொல்லைப்படுத்துவோரைப் பிடிக்கப் பொலிஸார் தேடுதல் நடத்தினார்கள். தொல்லைப்படுத்தியவருக்காக வாதாட நாம் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் பெண்முகமே காணாத முகாம்களில் ஆண்களை அடைத்து வைத்துவிட்டு, வாரத்தில் ஒரு பகல் மட்டும் கரைக்குத் திறந்துவிடுகிற ஏற்பாட்டை யார் செய்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வளைகுடாவில் நிர்வாணக் குடியிருப்புக்கு ஓரளவேனும் கிட்ட வருகிற இடம் ஒன்றை நாம் அறிவோம். அது தொழிலாளர் முகாம். ஓர் அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில்கள், மக்கர் பண்ணும் ஏ.சி. கவரோலைக் கழற்றி ஆணியில் கொழுவியதும் எல்லோரும் சாரத்தோடு வெறும் மேல். அங்கே மேசனும் தச்சரும் போர்மனும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். நிர்வாணக்காரர் கனவு காண்கிற அந்தச் சமத்துவம்! அதிகாலை நான்கு மணிக்கு பஸ் வந்ததும் கவரோலின் நிறம் எந்தக் கொம்பனி, தொப்பியின் நிறம் எந்தப் பதவி என்று எல்லாம் திரும்பி வந்துவிடும்.

ஆண்களுக்காவது இந்த இரவு இருக்கிறது. வீட்டுப் பணிக்குப் போன எமது பெண்களுக்கு அதுவும் இல்லை. மட்டக்களப்பிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் போனவர்கள், வீட்டுக்காரர் கொடுக்கிற சீருடையில் விடியலில் தொடங்கி நடுநிசிவரை நிற்கிறார்கள். வெளியே போனால் அபாயா. படுப்பது பல வீடுகளில் சமையலறையை ஒட்டிய சிறு அறை. கதவுக்கு உள்பக்கப் பூட்டு இருக்குமா என்பது வீட்டைப் பொறுத்தது. பூட்டில்லாத அறையில் உடுப்பை மாற்றுவதற்கே பயப்படுகிற பெண்ணிடம், உடம்பைப் பற்றிய வெட்கம் சமூகத்தின் கற்பிதம் என்று போய்ச் சொல்ல முடியுமா? அவளுக்குத் தேவை ஒரு கொண்டி. நிர்வாண இலக்கியத்தில் எங்கும் இந்தக் கொண்டி வருவதில்லை. ஏனென்றால் எழுதுகிறவர்களுக்கு அது எப்போதும் இருந்திருக்கிறது.

2024ஆம் ஆண்டு சவூதியை மையமாக வைத்து இரண்டு காட்சிகளைத் தந்தது. மே மாதத்தில் செங்கடல் கரையிலுள்ள ஒரு சொகுசு விடுதியின் நீச்சல் தடாகத்தருகே, அந்நாட்டின் முதல் நீச்சலுடை அலங்கார அணிவகுப்பு நடந்தது. மொரோக்கோப் பெண் ஒருவர் வடிவமைத்த உடைகள். சில ஆண்டுகளுக்கு முன்வரை பெண்கள் அபாயா இல்லாமல் வெளியே வர முடியாதிருந்த நாடு. பெண்கள் தாம் விரும்பியதை அணிய முடிகிறது என்றால் எமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த விடுதிக்கு வெளியே அதே சுதந்திரம் எந்தத் தெருவரை போகும் என்று கேட்காமல் கைதட்ட முடியவில்லை.

மற்றக் காட்சி அதற்கு இரண்டு மாதம் முன்னர், மார்ச் 28இல் திரைக்கு வந்தது. பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' நாவல் மலையாளத்தில் 2008இல் வெளியானது, தமிழிலும் வந்திருக்கிறது. பென்யாமின் பல ஆண்டுகள் பஹ்ரெய்னில் வேலை செய்தவர். சவூதிப் பாலைவனத்தில் ஆட்டுப்பட்டியில் சிக்கிக்கொண்ட நஜீப்பின் கதை அது. அதில் எம்மை மிகவும் உலுக்கியது அடியும் பசியும்கூட அல்ல. வந்த புதிதில் காலைக்கடன் கழித்துவிட்டுத் தண்ணீரால் கழுவப் போனவனை, தண்ணீர் ஆட்டுக்கு என்று முதலாளி அடிக்கிற இடம். அன்றிலிருந்து அவன் உடம்பு அவனுடையதல்ல. நாறுகிற நீள அங்கி ஒன்றைக் கொடுக்கிறார்கள். நாம் மேலே புகழ்ந்த அதே பாலைவன அங்கிதான். குளிக்கவும் துவைக்கவும் முடியாதவனுக்கு அது இரண்டாவது தோலாகிவிடுகிறது.

பிளெஸி இயக்கிய படத்தில் தப்பிப் போகுமுன் நஜீப் உடுப்பைக் களைந்துவிட்டுக் குளிக்கிறான். பிருத்விராஜ் இதற்காகப் பல கிலோ எடை குறைத்தார் என்று விளம்பரம் நிறையவே பேசியது. விளம்பரத்தை மறந்துவிட்டுப் பார்க்கலாம். எலும்பு தள்ளிய முதுகு, ஒடுங்கிய பிட்டம், தண்ணீர். பார்ப்பவருக்கு அது நிர்வாணம் என்றே தோன்றுவதில்லை. எமது பக்கத்துச் சினிமாவில் ஆணின் அம்மணத்தை இவ்வளவு மரியாதையாகக் காட்டிய காட்சி வேறொன்றை நாம் கண்டதில்லை. படம் முழுதும் நல்ல படம் என்று சொல்லமாட்டோம். காதற்காட்சிகளும் பின்னணி இசையும் பாலைவனத்தின் மேல் ஜரிகை போர்த்துகின்றன. இந்தக் காட்சியில் மட்டும் இயக்குனர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

நஜீப்பைப் பார்த்தபோது எம்மவரில் பலருக்கு இன்னொரு படம் கண்முன் வந்திருக்கும். 1983 யூலையில் பொரளை பஸ் நிலையத்தில் சந்திரகுப்த அமரசிங்க எடுத்தது. நிர்வாணமாக்கப்பட்ட தமிழ் இளைஞன் தலையைக் குனிந்து குந்தியிருக்கிறான். சுற்றி நிற்பவர்கள் உடுப்போடு சிரிக்கிறார்கள். அந்த யூலைக்குப் பிறகுதான் எம்மில் ஒரு பகுதி ஐரோப்பாவுக்கும் இன்னொரு பகுதி வளைகுடாவுக்கும் சிதறியது. நிர்வாணம் என்ற சொல்லைக் கேட்டதும் எமக்கு முதலில் வருவது லெவான் தீவல்ல, பொரளை. பிறகு சோதனைச் சாவடிகளில் சேட்டைக் கழற்றி நின்ற நாட்கள், 2009இல் தொலைக்காட்சியில் உலகமே பார்த்த கைகட்டப்பட்ட உடல்கள். எம்மவர் கோடையில் பிள்ளையின் கையில்லாத சட்டைக்குப் பதறுவதன் பின்னால் சாதிப் பெருமையும் ஆணாதிக்கமும் இருப்பதை நாம் பலமுறை எழுதியிருக்கிறோம். இந்தப் பயமும் அதற்குள் கிடக்கிறது. அதை வெறும் பிற்போக்கு என்று தள்ளிவிடுகிற வெள்ளைக்கார நண்பர்களோடு எமக்கு வாதம் உண்டு.

பொரளைப் படத்தையும் பெரியாரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரு தமிழ் ஆணின் வெறும் உடம்பு. பெரியாரின் உடுப்பு அருகில் எங்கோ மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் எப்போது வேண்டுமானாலும் போய் எடுத்திருக்கலாம். நிர்வாண விடுமுறையின் இன்பம் முழுதும் அந்த மடித்து வைத்த உடுப்பில்தான் இருக்கிறது என்பது எமது அபிப்பிராயம். கவரோல் போட்டவரின் துன்பம் இதன் மறுபக்கம்: அவருக்குக் கழற்றுகிற உரிமை இல்லை. நிர்வாணக்காரர் துணியோடு சண்டை பிடிக்கிறார். துணி ஒன்றும் செய்யவில்லை. அங்கியாக வந்தால் அது உயிரைக் காக்கிறது, கவரோலாக வந்தால் உயிரை எடுக்கிறது, சாரமாக வந்தால் பொலிஸைக் கூப்பிடுகிறது.

ஆகவே அவர்களுடைய கட்டுரைகளை எம்மவர் வாசிக்க வேண்டும் என்றே நாம் சொல்வோம். கோடையில் ரை கட்டுகிற மடமையைப் பற்றி அவர்கள் எழுதுவது முழுக்க உண்மை. அவர்களிடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்றுதான். அடுத்த கோடையில் டுபாய் வழியாகப் பறக்கும்போது, விமான நிலையத்திலிருந்து நகருக்குள் போகிற வழியில், 12.30க்குப் பிறகு வாகனத்தின் கண்ணாடியால் வெளியே பார்க்கட்டும். மேம்பாலத்தின் அடியில், வேப்ப மரங்களின் கீழ், கட்டடத்தின் நிழல் விழுகிற கல்மேடைகளில் ஆட்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். தொப்பியைத் தலைக்கு வைத்து, சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, கவரோலை இடுப்புவரை இறக்கி அதன் கைகளை வயிற்றில் முடிந்துகொண்டு, பெனியனோடு படுத்திருப்பார்கள். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒருவர் எழும்பி மற்றவர்களைத் தட்டி எழுப்புவார். ஈரம் காயாத அந்தக் கைகளுக்குள் கைகளை நுழைத்துக்கொண்டு எல்லோரும் எழும்புவார்கள்.